அத்தான் வாங்கிய ஸ்லோ குக்கர்

மின்சாரத்தில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கரை ஓடவிட்டு வேலைக்குப் போன ஒரு குடும்பம் சாயங்காலம் திரும்பி வந்தபோது சமையலறையே இல்லையாம். கரியும் தண்ணீரும்தான் மிச்சமாம். இதை எனக்குச் சொன்னவர் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். அவருக்குச் சொன்னது அவர் மனைவி. மனைவிக்குச் சொன்னது அவள் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்காரி. கடைக்காரிக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எந்தத் தெரு, எந்த வருஷம், குக்கர்தான் காரணமா இல்லை பழைய ஒயரா என்று நாலு கேள்வி கேட்டிருந்தால் அந்தச் செய்தி அந்த மேசையிலேயே செத்திருக்கும். நான் அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

வீடு என்றால் நான் இருக்கும் வாடகை அறை அல்ல. ஒரு விமானமும் ஒரு பேருந்தும் தள்ளி, நாலாவது மாடியில், என் அத்தானும் அவருடைய இரண்டு பெண்களும் இருக்கும் வீடு. வெளிநாட்டில் இருப்பவனால் அங்கே போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுக்க முடியாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க முடியாது. முடிந்ததெல்லாம் போன் செய்து ஜாக்கிரதை சொல்வது. நான் அதைக் கொஞ்சம் அதிகமாகவே செய்கிறவன். மழை என்றால் வழுக்கும் என்பேன், வெயில் என்றால் மயக்கம் வரும் என்பேன். "மாமா, நீங்க பேசாம வானிலை அறிக்கை வாசிக்கப் போகலாம்" என்று மூத்தவள் ஒருமுறை சொன்னாள்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். என் சின்னக்காவைக் கட்டியவர். இருபத்திரண்டு வருஷமாக அடுக்குமாடிகளின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கும், அடியில் தண்ணீரும் எலியும் கிடக்கும் குழிக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்ட் வேறொரு கம்பெனியின் பராமரிப்பில் இருக்கிறது. அது மாதத்தில் பத்து நாள் ஓடாது. பூட்டைத் தொடக்கூட அவருக்கு உரிமை இல்லை. கருவிப் பையோடு நாலு மாடியும் படியேறுவார். எதிரே வரும் கீழ்வீட்டுக்காரர், "என்ன மெக்கானிக், லிஃப்ட் என்னாச்சு?" என்று தினமும் கேட்பார். அத்தானும் தினமும் சிரிப்பார்.

அவருடைய சொத்து அவர் குரல்தான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவைக் குத்துவார்கள், அழுவார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள். அத்தான் வெளியே நின்று, "நான் வந்துட்டேங்க. உட்காருங்க. கதவைத் தொடாதீங்க. இங்கேயேதான் இருக்கேன்" என்பார். அவ்வளவுதான் சொல்வார், அதையே அரை மணி நேரம்கூட அலுக்காமல் சொல்வார். சின்னக்கா அப்போது ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே லிஃப்டுக்குள் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டாள். அவரை முதலில் கேட்டாள், பிறகுதான் பார்த்தாள். பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று கல்யாணத்துக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். "குரலுக்கு ஏத்த ஆளு வரலை, இவர் வந்தாரு" என்பாள். அவர் அதற்கும் சிரிப்பார்.

அடுப்பங்கரைக்குள் அவரை அவள் விட்டதில்லை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவருடைய நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாகத் தங்கியிருக்கும். கிரீஸ் கையோடு என் அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்பது அவள் சட்டம். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவுவார், அதோடு சரி. பதினாறு வருஷம் இப்படிப் போனது. பிறகு வயிற்றில் வந்த கட்டி ஏழே மாதத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவர் கையில் மிஞ்சியது பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, ஏழு வயதுப் பெண் ஒருத்தி, உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒரு சமையலறை.

மூத்தவளை வீட்டில் பெரியவ என்றும் இளையவளைக் குட்டி என்றும் கூப்பிடுவார்கள். பெரியவ அம்மா மாதிரி; வாயாடி, ஆனால் மனசில் உள்ளதைச் சொல்லமாட்டாள். குட்டி அப்பா மாதிரி, எதற்கும் சிரிப்பாள். அம்மா இறந்த வருஷம் குட்டி சாப்பாட்டை மெல்ல மெல்ல விட்டாள். ரொட்டி, அவித்த முட்டை, பார்சல் வாங்கிய சோறு, திரும்பவும் ரொட்டி. அத்தான் ஏழரைக்கு வீடு வந்து சேரும்போது பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வீட்டுப்பாடத்தின் மேலேயே தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். பள்ளிக்கூட நர்ஸ், பிள்ளை எடை குறைந்துகொண்டே போகிறது, கவனிக்கவும் என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பினாள்.

அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பெரியக்கா வந்தாள். எங்கள் மூவரில் மூத்தவள். மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இன்னொரு ஊரில் இருக்கிறாள், ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. அவளுக்குப் பிள்ளை இல்லை. கல்நெஞ்சக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வயிறு வலிக்கிறது என்று சின்னக்கா முதன்முதலில் சொன்னபோது, "வாயுவா இருக்கும்டி, போயிடும்" என்று சொன்னவள் அவள். அதற்குப் பிறகு எதையும், போயிடும் என்று அவளால் விட முடிவதில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அத்தானிடம் தன்மையாகத்தான் பேசினாளாம். உங்களைக் குறை சொல்லவில்லை தம்பி, வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் பார்க்க ஒரு ஆளால் முடியாது, குட்டியை என்னிடம் விடுங்கள் என்றாளாம். அத்தான் ஆறு மாதம் கேட்டார். அதற்குள் பிள்ளை தேறாவிட்டால் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் எனக்குப் போன் வந்தது. காலையில் காயும் கறியும் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் தானாக வெந்து சூடாக இருக்கும் பாத்திரம் ஒன்று உண்டாமே, அதைப் பற்றிப் படித்துச் சொல்லுங்கள் மாப்ள என்றார். எனக்குப் பிடித்த வேலை. எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் படித்தேன். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகள் எழுநூறுக்கு மேல் படித்தேன். மூடி உடைந்தவர்கள், அடி பிடித்தவர்கள், இதனால்தான் என் குடும்பம் ஒன்றாக இருக்கிறது என்று எழுதியவர்கள். நேரம் குறித்து வைத்தால் தானே அணையும் வகையை நான் சொன்னேன். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"எலக்ட்ரானிக் போர்டு வச்சது வேணாம் மாப்ள. அது போச்சுன்னா பொட்டியோட தூக்கிப் போடணும். குமிழ் வச்சதுன்னா நான் பிரிச்சுப் பார்த்துடுவேன்."

கடைக்கு மூத்தவளையும் கூட்டிப் போனார். அங்கே நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். மூன்று அளவுகள் வரிசையாக இருந்தன. அத்தான் ஒவ்வொன்றின் பீங்கான் பாத்திரத்தையும் தூக்கி எடை பார்த்தார், கண்ணாடி மூடி ஆடாமல் உட்காருகிறதா என்று விரலால் தட்டினார், ஒயரின் கனத்தை நகத்தால் நெருடினார். விற்கும் பெண் பொறுமையாக நின்று, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். நாலு என்றார் அத்தான். அவள் பெரியதை எடுத்துக் கட்டினாள். பெரியவ அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவருக்குத் தான் சொன்னது தெரியவே இல்லை. அவளும் திருத்தவில்லை. படியேறும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாராம். அப்போதுதான் நினைவு வந்திருக்கும்.

ஸ்லோ குக்கரில் ஒரு சங்கடம் உண்டு. பாதிக்கு மேல் நிரப்பாவிட்டால் ஓரத்தில் உள்ளது காய்ந்து பிடித்துக்கொள்ளும். மூன்று பேருக்குச் செய்த முதல் சமையல் பாத்திரத்தின் பாதிக்குக் கீழே சுருண்டு கிடந்தது. மாற்றிச் சின்னதாக வாங்கிவிடுங்கள், பதினைந்து நாளுக்குள் மாற்றிக் கொடுப்பார்கள் என்றேன். "போய் என்னன்னு சொல்ல மாப்ள?" என்றார். அதற்குப் பிறகு நாலு பேருக்கே சமைத்தார். மிச்சப் பங்கைத் தன்னோடு வேலை செய்யும் 'ஆயில்' அண்ணனுக்கு டப்பாவில் கொண்டுபோனார். எங்கே சத்தம் கேட்டாலும் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்கிறவர் என்பதால் அந்தப் பெயர். ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு ஆயில் அண்ணன் சொன்னாராம்: "உங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து நான் ஏறினா லிஃப்ட்டு ஓவர்லோடுன்னு கத்துது."

சமையலை அவர் சமையலாகச் செய்யவில்லை, பராமரிப்பாகச் செய்தார். முதல் ஞாயிறு வெறும் தண்ணீரை ஊற்றி எட்டு மணி நேரம் ஓடவிட்டு, மணிக்கொரு தரம் சூட்டை அளந்தார். மோட்டார் அறையில் தொங்கும் அட்டையைப் போலவே ஒன்று எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார். தேதி, என்ன போட்டது, எத்தனை மணிக்கு சுவிட்ச் போட்டது, கையெழுத்து. கடைசிக் கட்டத்தில் சாயங்காலம் வந்து பார்த்தவர் கையெழுத்து. உருளைக்கிழங்கும் காரட்டும் அடியில். அவைதான் இறைச்சியைவிட மெதுவாக வேகும். கோழி மேலே. ஊறவைத்த பீன்ஸ் விதையைத் தனியே அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். பால் கடைசியில். காலை ஐந்தரைக்கு நறுக்கி, ஆறு மணிக்குக் குமிழைத் திருப்பி, கையெழுத்துப் போட்டு, ஆறேகாலுக்குக் கிளம்புவார். கை உறை போட்டுத்தான் நறுக்கினார் என்று பெரியவ சொன்னாள்.

மூடியைத் தூக்கக் கூடாது என்பது பெரிய சட்டம். ஒருமுறை தூக்கினால் அரை மணி நேரச் சூடு போச்சு. விடுமுறை நாட்களில் குட்டி நாற்காலி போட்டு ஏறி, கண்ணாடி மூடியின் உட்புறம் முத்து முத்தாகக் கோர்த்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கு மழை டிவி என்று பெயர் வைத்தாள். போனில் என்னிடம், "மாமா, இன்னிக்கு டிவியில கோழி வந்துச்சு" என்பாள்.

ஐந்தாவது மாதம் நர்ஸிடமிருந்து இன்னொரு சீட்டு வந்தது. எடை ஏறியிருந்தது. அத்தான் அதைப் படமெடுத்து எனக்கும் அனுப்பினார், பெரியக்காவுக்கும் அனுப்பினார். பெரியக்கா பதிலுக்கு ஒரு பெரிய கட்டைவிரல் படத்தை அனுப்பினாள். எனக்குத் தெரிந்து அவள் அனுப்பிய முதல் கட்டைவிரல் அது.

அந்த வாரம்தான் பக்கத்து மேசைக்காரர் எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னார்.

அத்தானிடம் சொல்லியிருந்தால், "தண்ணி ஊத்தி ஓட்டிப் பார்த்தாச்சு மாப்ள" என்று சிரித்திருப்பார். அவர் வேலையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. வீட்டு எண்ணுக்கு அடித்தேன். பெரியவ எடுத்தாள். அவள்தான் வீட்டைக் கடைசியாகப் பூட்டுகிறவள். அப்பா ஆறேகாலுக்குப் போனபின் தங்கையை எழுப்பி, சடை பின்னி, ஏழே முக்காலுக்கு வேனில் ஏற்றிவிட்டு, எட்டு மணிக்குத் தானும் கிளம்புவாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கரி, தண்ணீர், இல்லாமல் போன சமையலறை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவங்க வீட்ல பசங்க இருந்தாங்களா மாமா?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இருந்திருப்பார்கள், பாவம் என்றேன். பயப்படாதே, சும்மா காதில் போட்டு வைக்கிறேன், ஜாக்கிரதையாக இரு என்று முடித்தேன். அவள் சரி என்றாள். எனக்கு அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு முழுதாக மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. தெரிந்த வரிசையில் சொன்னால் குழம்பும், நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, வீட்டைப் பூட்டும் முன், பெரியவ குக்கரின் ப்ளக்கைப் பிடுங்கி வைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றே முக்காலுக்கு ஓடி வந்து திரும்பச் செருகி, குமிழை அதிக சூட்டுக்குத் திருப்பினாள். அப்பா வருவதற்குள் எப்படியோ வெந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னால் வருத்தப்படுவார். அவர் அந்த அட்டையை எவ்வளவு பெருமையாக எழுதுகிறார் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது நாள் இப்படி நடந்தது. பருப்பு, காய், பார்லி என்று தப்பித்தது. கடைசிக் கட்டத்தில் ஒன்பது நாளும் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பத்தாவது நாள் கோழி. இரண்டு மணி நேரம் வெதுவெதுப்பாகிப் பாதியில் நின்ற கோழி, எட்டு மணி நேரம் மூடிக்குள் கிடந்தது. பெரியவ வந்து ப்ளக்கைச் செருகினாள். ஐந்து மணிக்குக் குட்டிக்குப் பசி. அக்கா குளிக்கப் போயிருந்தாள். நாற்காலி போட்டு ஏறி, மூடியைத் தூக்கி, கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டாள். இத்தனை மாதத்தில் அவள் மூடியைத் தூக்கியது அந்த ஒரு நாள்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாந்தி ஆரம்பித்தது; பெரியவ குக்கரை அணைத்துவிட்டுத் தங்கையைத் தாங்கிக்கொண்டாள். அத்தான் படியேறி வந்தவர் பையைக் கூட இறக்காமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே இறங்கினார். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் பாதியில் நிறுத்தினாராம். பெரியக்காவுக்குத் தகவல் சொன்னதும் அத்தான்தான். மறைத்து வைக்கிற ஆள் இல்லை.

காலையில் பிள்ளைக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனார். சமையலறையில் குக்கர் ஆறிப்போய் நின்றது. மூடியைத் திறந்து அடியில் கரண்டியை விட்டார். உருளைக்கிழங்கு பச்சையாக, கல்லாக இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் ஓடிய பாத்திரத்தில் அது நடக்காது. குனிந்து கையால் ஒயரைத் தேடினார். அவர் ப்ளக்கைச் செருகினால் ஒயர் எப்போதும் இடப்பக்கமாக, ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வளைந்து போகும். தண்ணீர் தெறிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருந்தார். அன்று வலப்பக்கம் தொட்டி ஓரமாகத் தொங்கியது. தனக்குப் பிறகு அந்த வீட்டில் இருந்து கிளம்புகிற ஆள் யார் என்று அவர் யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆஸ்பத்திரி நடைபாதைக்கு அவர் திரும்பி வந்தபோது பெரியக்கா வந்துவிட்டிருந்தாள். பெரியவ சுவரோரமாக, முந்தின நாள் சட்டையோடு நின்றாள். பெரியக்கா சத்தம் போடவில்லை.

"டாக்டர் கெட்டுப்போன கறின்னு சொல்றார். தினமும் நீங்க பார்த்துப் பார்த்துதானே வைக்கிறீங்க தம்பி? எப்படி கெட்டுச்சு?"

பெரியவ சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள். அத்தான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"காலையில சுவிட்ச் போட மறந்துட்டேன்க்கா. அவசரத்துல கிளம்பிட்டேன். சாயங்காலம் பிள்ளை வந்து போட்டிருக்கா. அவளுக்கென்ன தெரியும்."

"மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

பெரியக்கா, "இன்னொரு தடவை மறக்க மாட்டீங்கன்னு நான் எதை நம்பி விட்டுட்டுப் போறது?" என்று கேட்டாள். லிஃப்டுக்குள் மாட்டியவர்களிடம் அரை மணி நேரம் பேசக்கூடிய மனிதர், பதில் சொல்லவில்லை. நம்பச் சொல்ல வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அது அந்தச் சுவரோரமாக நிற்கிறவள் தலையில் விழும்.

ஐந்தாம் நாள் குட்டியின் துணிகளை அவரே மடித்து வைத்தார். வாக்குக் கொடுத்தபடி பெரியக்கா வீட்டில் அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு, அதே பேருந்தில் திரும்பினார். அங்கே அவள் சாப்பிட்டாள், வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவோடு பேசுவாள். பெரியம்மா பூனை வளர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார், பக்கத்து வீட்டில் ஊஞ்சல் இருக்கிறது என்று சொல்வாள். "ரெண்டு கிலோ ஏறியிருக்கா மாப்ள" என்று அத்தான் எனக்குப் போன் செய்து சொன்னார். லாட்டரி விழுந்த மாதிரிச் சொல்ல முயன்றார். பிறகு இணைப்பு சரியில்லை என்று வைத்துவிட்டார். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

எனக்கும் அவர் மறந்துவிட்டார் என்றுதான் சொல்லப்பட்டிருந்தது. நானும் நம்பினேன். அதைவிட மோசம், மனசுக்குள் அவரைக் கொஞ்சம் திட்டவும் செய்தேன். அட்டை ஒட்டி என்ன பயன் என்று.

போன மாதம் ஒரு நாள் பெரியவ எனக்குப் போன் செய்தாள். அவளாக என்னைக் கூப்பிடுவது அபூர்வம். கொஞ்ச நேரம் பரீட்சை பற்றிப் பேசினாள். பிறகு சொன்னாள்.

"குட்டி என்கிட்ட ஒண்ணு கேட்டா மாமா. அப்பா என்னை மறந்துட்டதாலதானே நான் பெரியம்மா வீட்ல இருக்கேன்னு கேட்டா."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ப்ளக், ஒன்பது நாள், கோழி, நடைபாதை. அப்பாவுக்குத் தெரியும் என்று தனக்குத் தெரியும், ஆனால் இருவரும் அதைப் பேசியதே இல்லை என்றாள். அந்த வீடு எரிந்ததை நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் என்று அவள் சொல்லவில்லை. ஒருதடவைகூடச் சொல்லவில்லை. மறுநாள் நான் பக்கத்து மேசைக்காரரிடம் அந்த வீடு எந்த ஊரில் என்று கேட்டேன். எந்த வீடு என்று கேட்டார் அவர். அவருக்கு ஞாபகமே இல்லை.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

சனிக்கிழமை வந்து சேர்ந்தேன். லிஃப்ட் வழக்கம் போல் நின்றிருந்தது. வீடு சுத்தமாக, சத்தமில்லாமல் இருந்தது. இரவுச் சாப்பாடு ரொட்டியும் முட்டையும். மூவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். ஞாயிறு காலை பெரியவ துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோது சமையலறையில் நானும் அத்தானும் தனியாக இருந்தோம். அவர் தொட்டியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் நான்தான் என்றேன்.

குழாயை மூடினார். திரும்பவில்லை.

"ஏதோ பயந்துட்டான்னு தெரியும். எதுக்குன்னு தெரியாம இருந்துச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "குட்டி வீட்டுக்கு வர்ற நேரத்துல வீடு எரிஞ்சுடக் கூடாதுன்னு பிடுங்கி வச்சிருக்கா. அதுக்கு நான் என்னன்னு திட்டறது மாப்ள?" என்றார்.

பெரியக்காவிடம் நான் பேசுகிறேன் என்றேன். என் தப்பு என்று சொல்கிறேன், குட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்றேன். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினார்.

"உங்க தப்புன்னு எங்க ஆரம்பிச்சாலும் அது பெரியவகிட்டதான் போய் நிக்கும். பதினஞ்சு வயசுல, தங்கச்சியை நான்தான் ஆஸ்பத்திரியில படுக்க வச்சேன்னு ஊர் முன்னாடி நிக்கணுமா? என் மேல இருக்கட்டும். எனக்கு வெயிட் தூக்கிப் பழக்கம்."

"அவ ஏற்கெனவே தூக்கிட்டுத்தான் இருக்கா அத்தான். குட்டி என்ன கேட்டாள்னு அவ உங்ககிட்ட சொல்லலை."

குட்டி கேட்டதை நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் தெரியவில்லை. என் வாயிலிருந்து அந்த வீட்டுக்குள் போன வார்த்தைகளுக்கு நல்ல பெயர் கிடையாது. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மறந்துட்டேன்னு சொன்னது சுவிட்சைத்தானே என்று மெதுவாகச் சொன்னார், என்னிடம் இல்லை.

பெரியவ வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலி வாளி கையில். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வாளியைத் தரையில் வைத்தாள். மேசைக்கு வந்து அப்பாவின் போனை எடுத்தாள். இன்னும் பத்து மணி ஆகவில்லை, ஒன்பதே முக்கால்தான். பெரியம்மாவின் எண்ணைத் தேடி அழுத்தினாள்.

"வேணாம்மா" என்றார் அத்தான்.

"குட்டி அப்பா மறந்துட்டார்னு நினைச்சுக்கிட்டே வளருவாப்பா."

"வளரட்டும். நான் அவளுக்குப் பின்னாடி சொல்லிக்கறேன்."

"எப்போ?"

அவள் போனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது எனக்கே கேட்டது. அத்தான் போனை வாங்கிக்கொள்வது போல் கையை நீட்டினார். பாதி தூரம் போன கை நின்றது. கையை மடக்கி, தான் பிடித்துக்கொண்டிருந்த நாற்காலியை அவளுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார்.

"உட்காரு. நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றார்.

அவள் உட்காரவில்லை. மணி நாலாவது முறை அடித்தது. ஐந்தாவது முறை அடித்தது.